செல்வியின் ஓட்டு

செவ்வாய்க்கிழமை இரவு.

பள்ளி முடிந்ததும் வாக்காளர் பட்டியல் திருத்த வேலைக்காக இன்றும் அடையாற்றங்கரைக்குப் போனேன். இடிக்கப்பட்ட வீடுகளின் முன்னால் செல்வி காத்திருந்தாள். இங்கிருந்து ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டவள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"டீச்சர், லிஸ்ட்ல என் பேரு கீதுல்ல?"

"இருக்கும்மா. ஆனா வீடு இல்லையே, எடுத்துடணும். புது இடத்துல மனு குடுங்க."

"அங்க கேட்டா பழைய இடத்துக்குப் போன்னு சொல்றாங்க. வீட்டத்தான் இடிச்சாங்க, ஓட்டையும் எடுத்துப்பீங்களா?"

கள்ள ஓட்டைத் தடுக்கத்தானே விதி என்று நேற்றுவரை நானும் வாதாடியவள். இன்று அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து, அங்கேயே உட்கார்ந்து அவளுக்குப் புது மனுவை எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தை நிதானமாகப் போட்டாள்.

அந்த மனு ஏற்கப்படுமா, தெரியாது. நீக்கல் பட்டியலில் அவள் பெயரை நாளை காலை நான்தான் எழுத வேண்டும்.