டிக்கிக்குள் அரிசி மூட்டை

1986 ஜூலை, ஞாயிறு இரவு

என் பழைய காரின் பாரமெல்லாம் முன் எஞ்சினில்தான். பந்தயத்தில் புறப்படும்போது பின்சில்லு தரையைப் பிடிக்காமல் சும்மா சுற்றும். அதனால் இன்று வீட்டு அரிசி மூட்டைகள் இரண்டையும் டிக்கியில் ஏற்றிப் பந்தயத்துக்குப் போனேன். ஓட முன் கார்களைச் சோதிக்கிற வெள்ளைக்காரன் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். இறுக்கிப் பூட்டாத பாரத்தோடு ஓடக்கூடாதாம். திருப்பி அனுப்பிவிட்டான்.

வரும் வழியில், வெக்ஸ்போர்ட் சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததும் மிதித்தேன். சில்லு சும்மா சுற்றவில்லை. கார் பாய்ந்தது. நான் நினைத்தது சரிதான்!

வீட்டில் மனுசி மூட்டையை மணந்து பார்த்தாள்.

"பெற்றோல் மணக்குது. உதை ஆர் தின்னுறது?"

"நான் தின்னுறன். காய்ச்சும்."

இரண்டு தரம் போட்டுத் தின்றேன். மணக்கத்தான் செய்தது. அடுத்த ஞாயிறு டிக்கிக்குள் இரும்பைப் பூட்டிக்கொண்டு போவேன். சிரித்தவன் என் பின்சில்லு தரையைப் பிடிப்பதை நின்று பார்க்கட்டும்.