திரும்பிப் பார்த்துவிட்டேன்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்களும் பாப்பாவும் நலம்தானே? அவளுக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் சோதித்துப் பார்க்கும் வீடியோ கேமைப் பற்றிச் சொன்னேனே, கிரேக்கப் புராணத்துப் பாதாள உலகம். செத்தவரை அங்கிருந்து மேலே கூட்டி வரலாம். ஆனால் வழியில் திரும்பிப் பார்த்தால், பின்னால் வருகிறவர் புகையாகிவிடுவார். திரும்பாமல் நடப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

இன்று குகை வாசலை நெருங்கும்போது முதுகுக்குப் பின்னால் பாப்பாவின் குரல். "அம்மா, இங்க பாரேன்."

திரும்பிவிட்டேன். ஒரு குட்டி உருவம் கண்ணெதிரே புகையாய்க் கரைந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

பயப்படாதீர்கள். கேமுக்குச் சத்தம் சேர்க்கிற அண்ணன் ஒரு குழந்தைக் குரல் வேண்டும் என்று கேட்டிருந்தார். பாப்பா புதுச் செருப்பைக் காட்டக் கூப்பிட்டதைப் பதிவுசெய்து நீங்கள் அனுப்பியிருந்தீர்களே, அதைக் கொடுத்தேன். எங்கே வைப்பார் என்று கேட்கத் தோன்றவில்லை.

"நீயே திரும்பிட்டியா? அப்ப நம்ம கேம் ஓடிரும்மா" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் கேமிலிருந்து அந்தக் குரலை அழித்துவிட்டார்.

அவளுடைய பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். காலையில் அவள் எழுந்ததும் போனில் என்னிடம் பேச வையுங்கள், எதையாவது உளறட்டும்.

நான் ஊரிலிருந்து வேலைக்குக் கிளம்பிய அன்று, "அவ அழுவா, திரும்பிப் பாக்காம போ" என்றீர்கள். அப்படியே வந்தேன். அடுத்த முறை அதைச் சொல்லாதீர்கள்.

கண் சொக்குகிறது, காலையில் வேலை.

உங்கள்,
பாப்பாவின் அம்மா