வடக்கு மூலைப் பவளங்கள்

கிள்ளான்
3 மார்ச் 2024

அன்புள்ள ரமணி,

சுகம்தானே? அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் நடக்கப் பழகுகிறார். இந்த முறை நான் தீவுக்கு வர முடியாது. மழைக்காலம் முடிந்து குடாவைத் திறந்துவிட்டார்களாம். இரண்டு வருடமாக நாம் கட்டி வளர்க்கும் நாற்பது பவளத் துண்டுகளை நீதான் போய்ப் பார்க்க வேண்டும். வடக்கு மூலையின் வரைபடம் இத்துடன் இருக்கிறது. உன் டிராவல்ஸ் ஆட்களிடம் காட்டிவிடாதே. ஸ்னோர்க்கலிங் கூட்டம் எப்போதும் போலத் தெற்குப் பக்கமே நீந்தட்டும்.

உன் மலர்விழி

பிரிக்ஃபீல்ட்ஸ்
21 ஏப்ரல்

மலரு,

அம்மாவை விசாரித்ததாகச் சொல். போன வாரம் நானே இறங்கிப் பார்த்தேன். எல்லாம் விரல் நீளம் வளர்ந்திருக்கின்றன. ஒன்றுகூட ஒடியவில்லை. நீ அவசரப்பட்டு வராதே, அம்மாவைக் கவனி லா.

ரமணி

கிள்ளான்
9 ஜூன்

ரமணி,

நேற்றுத்தான் தீவிலிருந்து வந்தேன். படம் எடுத்து வந்து உன்னை அசத்தலாம் என்று சொல்லாமல் போயிருந்தேன்.

வடக்கு மூலையில் மூன்று படகுகள் நங்கூரம் போட்டிருந்தன. ஒரு பெண் நம் பவளத்தின் மேல் நின்று போட்டோவுக்குச் சிரித்தாள். பாவம், அவளுக்கு அது வெறும் கல். படகுக்கார யாசினிடம்தான் சண்டைக்குப் போனேன்.

"என்னை ஏன் ஏசுறீங்க அக்கா? மார்ச்லேருந்து உங்க கூட்டாளிதான் இங்க கொண்டாந்து விடச் சொல்றாங்க. மேப்பும் அவங்க கொடுத்ததுதான். அவங்க ஒரு தடவகூட தண்ணியில எறங்கல."

நாற்பதில் ஆறுதான் உயிரோடு இருக்கின்றன. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். எழுதிச் சொல். ஏப்ரலில் ஏன் அப்படி எழுதினாய்?

மலர்விழி

பிரிக்ஃபீல்ட்ஸ்
14 ஜூன்

மலரு,

கோபப்படாதே. தெற்குப் பக்கம் பவளமெல்லாம் செத்து வெளுத்துக் கிடக்கிறது. "பார்க்க ஒண்ணுமே இல்லையே ஆன்டி" என்று வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நாள் என்றுதான் ஆரம்பித்தேன். அம்மாவோடு அல்லாடும் உன்னை நோகடிக்க வேண்டாமே என்றுதான் அப்படி எழுதினேன். பவளம் மறுபடி வளராதா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, பேசலாம்.

ரமணி

கிள்ளான்
2 ஜூலை

ரமணி,

நான் வரவில்லை.

கடல் பூங்கா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வரைபடத்தை வெளியே கொடுத்தவள் என்று முதலில் என் பெயர். ஆட்களைக் கூட்டி வந்தவள் என்று அடுத்தது உன் பெயர். மூலையை மூடி மிதவை கட்டிவிட்டார்கள். மிஞ்சிய ஆறையும் அவர்கள் அனுமதியோடு நானும் யாசினும் வேறிடத்தில் கட்டியிருக்கிறோம். எங்கே என்று எழுத மாட்டேன்.

"ரமணி ஏன் இந்தப் பக்கமே வர்றதில்ல?" என்று அம்மா கேட்டார். உனக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் அது.

மலர்விழி