ஆற்றுப் பாதையும் கூந்தல் எண்ணெயும்

மார்ச் 4

லேபில் நான் செய்து அனுப்பிய இரண்டு பல் செட் திரும்பி வந்துவிட்டன. கடித்தால் ஈறில் குத்துகிறதாம். அரம் போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, வேலை மேசையைத் துடைத்து வரைபடத்தை விரித்தேன். விரலில் பிளாஸ்டர் மாவு. தொட்ட இடமெல்லாம் ஆறு வெளுத்துப்போனது.

அணைக்கட்டில் தொடங்கிக் கடல்வரை. பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு ஆற்றை ஒட்டியே போட்ட சைக்கிள் பாதை. லாரி கிடையாது, ஹாரன் கிடையாது. ஒரு வாரம் ஆகும். நானும் என் தங்கையும் மட்டும்.

போன வருடம் கையில் மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது சின்னவள் சொன்னாள்: "இதெல்லாம் முடிஞ்சதும் ஆத்தோரமா சைக்கிள்ல போயிட்டே இருக்கணும்க்கா. ஒருத்தரும் 'இப்ப எப்படி இருக்கே'ன்னு கேக்கக் கூடாது." மார்பில் புற்று. ஒரு மார்பு போனது, முடி மொத்தமும் போனது, ஆள் மிஞ்சினாள். ஏப்ரலில் கிளம்புகிறோம்.

மார்ச் 8

அவள் புருஷனுக்குத் தெரிந்துவிட்டது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, குடியிருப்போர் சங்கச் செயலாளர். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் ஒலிபெருக்கியை முதலில் பிடிப்பவர். எங்கள் குடும்பத்தில் அவருக்கு 'மைக்' என்றுதான் பெயர்.

"நீங்க ரெண்டு பேரும் சத்தமில்லாம போயிட்டு வந்தா யாருக்கு என்னக்கா பிரயோஜனம்? நாலு பேருக்கு நம்பிக்கை வரணுமில்ல?"

"எங்க ரெண்டு பேருக்கும் பிரயோஜனம் தம்பி."

சிரித்தார். வேண்டாத பதில் காதில் விழாததுபோல் சிரிப்பது அவருக்குக் கைவந்த கலை.

மார்ச் 9

வாட்ஸாப்பில் குழு தொடங்கிவிட்டார். பெயர் 'வெற்றி நதி'. த்தூ.

மார்ச் 15

அவர்கள் வீட்டில் கூட்டம். சோபாவில் இடமில்லாமல் நான் செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்திருந்தேன். சங்கத்து ஆட்கள் பாதிப் பேர் கூடவே வருகிறார்களாம். எல்லோருக்கும் ஒரே பனியன். பின்னால் ஒரு வேன், வேன்மேல் ஒலிபெருக்கி. இத்தனையையும் கொடுப்பது யார்? கூந்தல் எண்ணெய்க் கம்பெனி. என் கையெழுத்தில் எழுதிய பிறகும் நம்ப முடியவில்லை. கூந்தல் எண்ணெய்.

பேனர் மாதிரியைக் காட்டினார். இடது பக்கம் சின்னவள், மொட்டைத் தலை, வாய் திறந்தபடி, ஆஸ்பத்திரிக் கட்டிலில். தூங்கும்போது எடுத்திருக்கிறார். வலது பக்கம் காலிக் கட்டம். 'இன்று' என்று போட்டு அங்கே புதுப் படம் வருமாம்.

"முடி விழுந்தது மருந்தால. வளர்ந்தது மருந்தை நிறுத்தினதால. இதுல எண்ணெய் எங்க வந்துச்சு?"

"அதெல்லாம் யாருக்கா பாக்கப் போறாங்க?"

எனக்குக் குமட்டியது. அந்த வருடம் அவள் வாந்தியை முகம் சுளிக்காமல் அள்ளியவர் இதே மனிதர்தான். அதனால்தான் இன்னும் குமட்டுகிறது. கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

சின்னவள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "போட்டுக்கட்டும்க்கா. இப்ப என்ன."

அவள்மேலும் அருவருப்பு வந்தது. எழுதக் கூசுகிறது. ஆனால் வந்தது.

மார்ச் 20

லேபுக்கு விடுப்பு சொல்லிவிட்டு, முதல்நாள் ஓட்ட வேண்டிய தூரத்தைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன்.

அணைக்குக் கீழே பாதை தொடங்கும் இடம் சகிக்கவில்லை. குழந்தைத் துணியை உருட்டி எறிந்திருக்கிறார்கள், மீன் குடல், புட்டி. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். பழைய ரயில் குகை ஒன்று வந்தது. உள்ளே ஜில்லென்று, சொட்டுச் சொட்டாக நீர். வெளியே வந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்து கிடக்கிறது. கீழே ஆறு பச்சையாக வளைந்து போகிறது, எதிர்க்கரையில் மரங்கள் தண்ணீருக்குள் குனிந்து நிற்கின்றன. நீலமாக ஒரு பறவை கோடு கிழித்ததுபோல் போனது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். அந்த இடத்தில் என்ன நினைத்திருக்க வேண்டும்? நான் நினைத்தது: இங்கே அந்த வேன் வந்து நின்று "வெற்றி! வெற்றி!" என்று கத்தும்.

உடனே திரும்பிவிட்டேன்.

மார்ச் 24

சண்டை. அவள் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

"உன் மொட்டைத் தலையை ஊரெல்லாம் ஒட்டப்போறான், நீ பிஸ்கட் தின்னுட்டு இருக்கே. மானம் ரோஷம் எதுவும் இல்லையாடி உனக்கு?"

அவள் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினாள். அறுத்த பக்கத்துக் கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஊதியிருந்தது. இறுக்கமான உறை மாட்டியிருந்தாள். மாதக்கணக்காக இப்படித்தானாம். சீக்கிரத்தில் சரியாகிற விஷயம் இல்லையாம். பிரேக்கை நாலு தடவை பிடித்தால் மரத்துப்போகிறதாம்.

"ஏன்டி சொல்லல?"

"நீ மேப்பை விரிச்சு வச்சிட்டு உக்காந்திருந்தே. எப்படிச் சொல்ல? வேன் வந்தா நடுவுல ஏறிக்கலாம், யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. உன்கூட மட்டும் வந்தா, முடியலன்னு சொல்ல எனக்கு வாய் வராதுக்கா. நீ என்னைவிட ஆசையா இருக்கே."

வேனுக்காகத் தலையை விற்றிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நடந்தே வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கு அருவருப்பு யார்மேல் என்று எழுத வேண்டியதில்லை.

மார்ச் 28

சைக்கிள் வாடகைக் கடை. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீள சைக்கிள் ஒன்று மூலையில் கிடந்தது, சீட்டில் எலி கடித்த ஓட்டை. பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவர் மிதித்தால் போதும், மிதிக்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது.

"புதுசா கல்யாணம் ஆனவங்கதான் கேப்பாங்க" என்றார் கடைக்காரர்.

"நாங்க பழசு" என்றேன்.

சின்னவளிடம் காட்டினேன். எலி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "யோசிச்சு சொல்றேன்."

ஏப்ரல் 2

எண்ணெய்க் கம்பெனி படம் எடுக்கிற இடத்துக்குத் துணைக்குப் போனேன். சின்னவளுக்கு வளர்ந்திருப்பது இரண்டு விரல் உயரம் நரைமுடி. அது அவர்களுக்குப் பற்றாது. இடுப்புவரை தொங்கும் ஒரு சவுரித் தொப்பியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். யார் யார் தலை வேர்வையோ அதில். எனக்கே நாறியது.

"மேடம், கொஞ்சம் சந்தோஷமா. முடி திரும்ப வந்திருச்சுல்ல" என்றான் படம் எடுப்பவன்.

சின்னவள் எழுந்து, அதைக் கழற்றி, ஓரமாக நின்றிருந்த புருஷன் தலையில் வைத்து இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டாள். அவருக்குப் பத்து வருடமாக உச்சி வழுக்கை.

"இவருக்குத்தாங்க எண்ணெய் வேணும். இவரை எடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. மைக் அந்த முடியோடு நின்றார், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. திரும்பி வரும்போது காரில் பாதி வழியில் கேட்டார்: "அந்தப் படம் அவ்வளவு கஷ்டமா இருந்துச்சா?"

"தூங்கும்போது எடுத்தீங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 3

'வெற்றி நதி' இன்று காலையிலிருந்து இல்லை. அவரே கலைத்துவிட்டார்.

ஏப்ரல் 12

என் திட்டப்படி இன்று கடலில் கால் நனைத்திருக்க வேண்டும். வேன் இல்லை, நீள சைக்கிளில் நாங்கள் இருவர் மட்டும், பாதிகூட வரவில்லை. விடுதிப் படுக்கை விரிப்பில் வேறு யாருடையதோ முடி, குழாய்த் தண்ணீரில் துரு வாடை. சின்னவள் கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு என் பங்கு ரொட்டியையும் தின்றுகொண்டிருக்கிறாள்.

அவளுக்கு நிற்கத் தோன்றினால் முதுகில் குத்துவாள். காலையிலிருந்து ஏழெட்டுக் குத்து வாங்கிவிட்டேன். குத்தாத நேரத்தில் மிதித்தாளா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. முன்னால் இருப்பவருக்குக் கிடைப்பது எதிர்க்காற்றும், பேச வாய் திறந்தால் ஒரு ஈயும். பின்னால் அவள் பாட்டு. சுருதி என்றால் என்னவென்று அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியாது. பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது, கேட்கச் சகிக்கவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த கொக்குகள்கூட எழுந்து போய்விட்டன.

நான் நிறுத்தச் சொல்லவில்லை.