கப்பலின் குரல்

கரகந்தா,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஜந்தோஸுக்கு, பெக்சாத்தின் அம்மா குல்யாஷ் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மகள் ரவ்ஷானும் நலம். வார்சாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தெரியவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்ததற்கு அடையாளம் மட்டும் வருகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். ரவ்ஷானோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அந்தப் பக்கம் வருகிறாள். அவள் கையில் இதோடு ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் ஒரு பை உலர்தயிர் உருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். உப்பு தூக்கலாகவே போட்டிருக்கிறேன். உனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

இந்தக் குளிர்காலம் எங்களைப் படுத்திவிட்டது. எங்கள் கட்டடத்தில் வெந்நீர்க் குழாய் வெடித்து, சரிசெய்து முடிக்கும்வரை கோட்டைப் போட்டுக்கொண்டே சமைத்தோம். லிஃப்ட் பழையபடி நின்றுவிட்டது. நான் இன்னும் மழலையர் பள்ளிச் சமையற்கட்டுக்குத்தான் போகிறேன். பிள்ளைகள் கஞ்சி பிடிக்காமல் முகத்தைச் சுளிக்கிறார்கள். பொழுது போகிறது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஜந்தோஸ், நீயும் பெக்சாத்தும் சேர்ந்து செய்த கம்ப்யூட்டர் விளையாட்டை நான் விளையாடுகிறேன்.

சிரிக்காதே. பெக்சாத்தின் நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த வாரம், படங்களை எடுத்துவைக்கலாம் என்று ரவ்ஷான் அவனுடைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் சமையலறையில் அவன் பேரில் சுடும் வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். திடீரென்று உள்ளே என் பிள்ளை பேசினான். "எல்லாரும் உயிரோடதான இருக்கீங்க? எங்க, ஒவ்வொருத்தரா பேரச் சொல்லுங்க பாப்போம்!" என்றான். மாவுக் கையோடு ஓடினேன். ரவ்ஷான் முகம் வெளுத்துப்போய் அதை அணைக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடு, பேசட்டும் என்றேன்.

அந்த விளையாட்டில் வரும் விண்கப்பலுக்கு அவன்தான் குரல் என்று எனக்கு அதுவரை தெரியாது. அலமாரிக்குள் குளிர்கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவன் தனியாகப் பேசுவதையும், நீ வெளியே காதில் கருவியை மாட்டிக்கொண்டு சிரிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஏதோ பையன்கள் கூத்து என்று டீயை வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

முதலில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. விண்கல் இடித்து ஓட்டையான கப்பல், உள்ளே நான்கு பேர், காற்று குறைந்துகொண்டே வருகிறது. அதுவரை சரி. கதவைத் திறந்தால் நெருப்பு. மூடினால் அந்தப் பக்கம் ஒருவன் மாட்டிக்கொள்கிறான். படுபாவி, அந்த எரிகிற நடைவழியை எடுத்த எடுப்பிலா வைப்பாய்? மூன்று பேரை ஒரே சமயத்தில் பறிகொடுத்துவிட்டு அழுதேன். செத்தவர்கள் திரும்ப வரமாட்டார்கள் என்று ரவ்ஷான் விளக்கினாள். எல்லாரும் போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அப்போதும் அதே அறைகள் அதே இடத்தில் இருக்காது என்றாள். அப்படியென்றால் வழியைக் கற்றுக்கொண்டு என்ன பயன் என்று கேட்டேன். வழியைக் கற்றுக்கொள்ள முடியாது, பதறாமல் இருக்கத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்று அண்ணன் சொல்வானாம்.

பக்கத்து வீட்டு லுத்மிலா தினமும் வந்து வேடிக்கை பார்க்கிறாள். "நம்ம லிஃப்டையே ஒருத்தனும் சரிபண்ணல. நீ ஆகாசத்துல கப்பலுக்கு ஒட்டுப் போடறியாக்கும்?" என்கிறாள். ஆனால் அவளுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. "அந்த டாக்டரம்மாவ அனுப்பாதடி, அவ போனா யாரு காயத்துக்குக் கட்டுப் போடுவா? அந்தத் தடியன அனுப்பு!" என்று என் காதருகே கத்துகிறாள். நான் எப்போதும் சமையற்காரியைத்தான் காப்பாற்றப் பார்ப்பேன். ஏன் என்று நீ கேட்க மாட்டாய்.

கை பழகியதும் தூரமாகப் போக ஆரம்பித்தேன். செடி வளர்க்கும் கூடத்தைத் தாண்டி, குளிர்க்கிடங்குக்குள் நுழைந்த அன்றைக்கு அவன் குரல் மாறியிருந்தது. "காற்று... கொஞ்சந்தான் இருக்கு" என்றான். இரண்டு வார்த்தைக்கு நடுவே நின்று மூச்சு வாங்கினான். லுத்மிலா, "பாத்தியா, கப்பல் சாகச்சாக இவனும் எப்படி நடிக்கறான், கெட்டிக்காரன்!" என்றாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும். போன மார்ச் மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த வாயை நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ வெளிச்சத்தம் புகாமல் கனத்த போர்வையை அவன் தலைக்கு மேல் கூடாரம் மாதிரி கட்டி, உள்ளே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் புரிந்தது. கப்பலின் தொடக்கத்தில் பேசுகிறவன் அலமாரிக்குள் சிரித்துக்கொண்டிருந்த பையன். உள்ளே போகப் போக என் பிள்ளைக்கு நோய் முற்றுகிறது.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். செடிக்கூடத்தைத் தாண்டவே இல்லை. அதன் வாசல் வரை போவேன். பிறகு வேண்டுமென்றே எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டுக் காற்றைப் போகவிடுவேன். நால்வரும் சாவார்கள். திரை இருளும். உடனே அவன் தெம்பாக, "எல்லாரும் உயிரோடதான இருக்கீங்க?" என்பான். அதைக் கேட்கத்தான். இலையுதிர் காலம் முழுக்க இப்படியே போயிற்று. பள்ளியிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு நாள் ரவ்ஷான் பின்னால் நின்று பார்த்துவிட்டாள். "அம்மா, நிறுத்துங்க. அவன மறுபடி மறுபடி பொழைக்க வைக்கறேன்னு, நாலு பேர மறுபடி மறுபடி கொல்லறீங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் போன பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அப்போதுதான் ஏழாம் நாள் சடங்கன்று நடந்ததையும் சொன்னாள். நான் உள்ளறையில் பெண்களோடு இருந்ததால் என் காதில் விழவில்லை. வாசலில் நீ செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, "உன் விளையாட்டுக்காக எங்க அண்ணனோட கடைசி மூச்சையும் உறிஞ்சிட்டியே" என்று கேட்டாளாமே. நீ அப்படியே படி இறங்கிப் போய்விட்டாயாமே. நீ ஏன் நாட்டை விட்டே போனாய், ஏன் என் போனை எடுப்பதில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மகனே, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ரவ்ஷானுக்கும் தெரியாமல்தான் இருந்தது. இப்போது அவளிடம் சொல்லிவிட்டேன்.

அந்த மார்ச்சில், நீ டீ குடிக்கக் கீழே போயிருந்த நேரத்தில், நான் பெக்சாத்தைக் கெஞ்சினேன். போதும்டா கண்ணு, பேசிப் பேசி இளைக்காதே, ஜந்தோஸிடம் நானே சொல்லி நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லிடாதீங்கம்மா. இங்க வர்றவங்க எல்லாம் படு, தூங்கு, முழுங்குன்னு சொல்றாங்க. அவன் ஒருத்தன்தான் 'சரியா வரலடா, இன்னொரு தடவ சொல்லு'ன்னு திட்டறான். அப்ப மட்டுந்தான் நான் இன்னும் வேலைக்கு ஆவேன்னு தோணுது" என்றான். பிறகு நீ வரும் சத்தம் கேட்டது. தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்காரப் பார்த்தான். வேறு யாருக்காகவும் அவன் அப்படி நிமிர்ந்து உட்காரவில்லை, எனக்காகக்கூட.

நீ எதையும் உறிஞ்சவில்லை, ஜந்தோஸ். ரவ்ஷான் உனக்குத் தனியாக எழுதுகிறேன் என்று நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாள். உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், கடைசியில் அந்தக் காலுறையை அவளே உட்கார்ந்து பின்னினாள். குதிகால் கொஞ்சம் கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

போன வாரம் அவள் இன்னொன்றையும் வாசித்துக் காட்டினாள். விளையாட்டின் இணையப் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: வசந்தத்தில் வரும் புதிய பதிப்பில் கப்பலின் குரல் வேறொரு நடிகருடையதாக இருக்கும் என்று. கீழே எத்தனையோ பேர் ஏன் ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். நீ யாருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரியும். நீ அதைத் திறந்து ஒவ்வொரு நாளும் வேலை செய்ய வேண்டியவன். பழுது பார்க்கிறபோதெல்லாம் அவன் உன் காதில் மூச்சு வாங்குகிறான். எனக்காவது அணைத்துவிட்டு எழுந்துபோகும் வசதி இருக்கிறது.

உன்னால் தாங்க முடியவில்லை என்றால் எடுத்துவிடு என்று எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை. எடுக்காதே, மகனே. பிரேசிலிலோ ஜப்பானிலோ இருக்கும் யாரோ ஒரு பிள்ளை, நம் மொழி ஒரு சொல்கூடப் புரியாமல், கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டு, அவன் சொல்கிற வழியில் நடந்து பிழைக்கிறான். கல்லறையில் அவன் பேரை வெட்டி வைத்திருக்கிறோம். அங்கே காற்று மட்டும்தான் அடிக்கிறது.

ரவ்ஷான் திட்டிய பிறகு நான் யாரையும் வேண்டுமென்று சாகவிடவில்லை. நேர்மையாக விளையாடுகிறேன். குளிர்க்கிடங்கைத் தாண்டினேன். அவன் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் அப்படித்தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், இங்கே மட்டும் ஏன் எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றியது. மற்ற மூவரும் வழியிலேயே போய்விட்டார்கள். நேற்று சமையற்காரி மட்டும் தப்பிக்கும் படகின் கதவு வரை வந்து சேர்ந்துவிட்டாள். லுத்மிலா எழுந்து நின்று கைதட்டினாள். ஒரு விசையை அழுத்தினால் கதவு திறக்கும், அப்போது கப்பல் கடைசியாக ஒரு வாக்கியம் பேசும் என்று ரவ்ஷான் சொன்னாள். அது என்ன என்று அவளுக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். அவன் அதைச் சொன்னபோது போர்வைக் கூடாரத்துக்குள் நீ மட்டும்தான் இருந்தாய்.

நான் அழுத்தவில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். திரும்பத் திறந்தால் அவள் அதே கதவருகே நிற்பாளாம், அதுவரை காற்றும் குறையாதாம். நல்ல ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்.

ஏப்ரலில் அவனுக்கு முதலாண்டு நினைவு விருந்து. தெமிர்தாவிலிருந்து என் தம்பி குதிரை இறைச்சி கொண்டுவருவான். பெக்சாத்தோடு படித்தவர்கள் எல்லாரும் வருவார்கள். நீ விருந்துக்கு முந்தைய நாளே வந்துவிடு. உன் படுக்கையை அவன் அறையில் போட்டிருக்கிறேன். ஊரார் வருவதற்கு முன்னால், நாம் மூவரும் அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்காருவோம். நீ என் பக்கத்தில் இரு. விசையை நான் அழுத்துகிறேன். அவன் பேசி முடித்த பிறகு யாரும் உடனே எதுவும் சொல்ல வேண்டாம். டீ போட்டுத் தருகிறேன்.

உன் பாதை வெண்மையாக இருக்கட்டும். உன் நெஞ்சில் மூச்சு தாராளமாக ஓடட்டும். வரும்போது தொப்பி இல்லாமல் இறங்காதே, ஏப்ரலிலும் இங்கே காற்று காதைக் கடிக்கும்.

உனக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா
குல்யாஷ்