அறுபத்தொன்றாம் மனையின் தெருக்குத்து

ஜூன் 3

அவனியாபுரத்துக்குத் தெற்கே மனை போடும் பாண்டியராஜன் வந்தார். வரிசைக்கு நாற்பது மனை, நடுவில் ஒரு சந்துகூட இல்லாமல் வரைந்து தர வேண்டுமாம். மனைப்பிரிவா, ரயில் வண்டியா? வரிசை இவ்வளவு நீண்டால் விதிப்படி குறுக்குத் தெரு விட்டே ஆக வேண்டும் என்றேன்.

"ரோடு விட்டா ரெண்டு மனை போச்சுண்ணே. அது போயி முட்டுற மனை தெருக்குத்து. சும்மா குடுத்தாலும் ஒருத்தனும் வாங்க மாட்டான்."

பின்தெருவுக்குப் போக ஊரைச் சுற்றலாம், பரவாயில்லை. தெரு நேராக வந்து வீட்டைப் பார்த்தால் மட்டும் குடும்பம் நாசமாம்! கேட்டபடியே வரைந்து கொடுத்தேன். எனக்கென்ன வந்தது?

ஜூன் 19

அனுமதிக்குப் போன வரைபடம் திரும்பி வந்துவிட்டது. சிவப்பு மையில் ஒரே வரி: குறுக்குத் தெரு எங்கே?

ஜூன் 21

தெருவை வரைந்தேன். நேராகப் போய் எதிர் வரிசையில் அறுபத்தொன்றாம் மனையில் முட்டியது. தலையில் கை வைத்திருந்த பாண்டியராஜன், சட்டென்று என் மேசைமேல் இருந்த சிலுவையைப் பார்த்தார்.

"ஸ்டீபன் அண்ணே, நீங்க வேதக்காரவுக. ஒங்களுக்குத்தேன் இதெல்லாம் கெடையாதுல்ல? பாதி விலைக்கு நீங்களே எடுத்துக்கங்க."

கோச்சடையில் பன்னிரண்டு வருட வாடகை வாழ்க்கை. தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பாதி விலை! மூடநம்பிக்கையே, நீ நல்லா இருக்கணும்.

ஜூன் 22

"நமக்கு எதுக்குங்க வம்பு?" என்கிறாள் அற்புதமேரி. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிற என் மனைவி! அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். ஃபாதர்கூட இம்புட்டுப் பேசியதில்லை.

ஆகஸ்ட் 8

பத்திரம் முடிந்தது. சொந்த மண்!

ஆகஸ்ட் 11

மனையில் நின்று டேப் பிடித்துக்கொண்டிருந்தேன். குறுக்குத் தெருவில் ஒரு ஜல்லி லாரி என் நெஞ்சுக்கு நேராக வந்தது. கடைசி நொடியில்தான் டிரைவர் ஒடித்தான்.

"ஓரமா நில்லுங்கண்ணே!"

என் மனைக்குள்ள நான் ஏன்டா ஓரமா நிக்கணும்? படுக்கையறை வரப்போற எடம்டா அது!

டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஓரமாய்ப் போய் நின்றேன். வெயில்தான் — வேறென்ன?

செப்டம்பர் 2

வீட்டு வரைபடம் முடிந்தது. வாசலை ஓரத்துக்கு நகர்த்திவிட்டேன். தெருவைப் பார்த்த மதிலில் ஒரு மாதா கெபி, குகை மாதிரி குடைந்து உள்ளே மாதா சிலை.

"இது எதுக்குங்க?" என்றாள் அற்புதமேரி. பக்தி என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பாண்டியராஜனும் எட்டிப் பார்த்தார். "கரெக்டுண்ணே. நாங்களும் அந்த எடத்துலதேன் பிள்ளையார வைப்போம்."

அவர் போனதும் தெருவின் நடுக்கோட்டை மறுபடி அளந்தேன். கெபி அரை அடி விலகியிருந்தது. அழித்துவிட்டுச் சரியாக வரைந்தேன்.