மாமாவின் சிவப்புச் சட்டை

என்னவருக்கு,

இதைப் பயிற்சியாளருக்கு அனுப்பி, ஆட்டம் முடிந்த பிறகே உங்களிடம் தரச் சொல்லியிருக்கிறேன். ஜெயித்தீர்களா?

நியூசிலாந்து அணிக்கு நீங்கள் ஆடியது நான்கே நிமிடம். அதற்காக, நாடு மாறி நம் தீவான டோங்காவுக்கு ஆட மூன்று வருடம் காத்திருக்கச் சொன்னது ரக்பி விதி. மாமாவும் நாள் எண்ணினார். புதன்கிழமை மூச்சுத் திணறலிலும் என் கையைப் பிடித்து, "மருமகளே, அவன்கிட்ட வாயத் திறக்காத. பந்தப் போட்டுட்டு ஓடி வந்துருவான், மடப்பய" என்று சிரித்தார். அன்றிரவே போய்விட்டார்.

இன்று ஊரே கறுப்பு உடையில், நம் வழக்கப்படி இடுப்பில் துக்கப் பாயைச் சுற்றிக்கொண்டு நின்றது. மூத்த மகன் நீங்கள்தான் இல்லை. உங்கள் ஆட்டத்தன்று போட்டுக்கொள்ள அவர் வைத்திருந்த, நம் அணியின் சிவப்புச் சட்டையையே மாமாவுக்கு உடுத்தினோம். பாப்பா அதைப் பிடித்து இழுத்தாள்.

நேற்று போனில் "அப்பா எங்க?" என்றீர்கள்.

"தூங்குறாரு."

"எழுப்பாத. சனிக்கிழமை எனக்காகக் கத்தணும்ல" என்றீர்கள்.

உங்கள் மனைவி